விண்டோஸ் மாறியது, விர்ச்சுவல் மெஷின் முரண்டு பிடிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பலர் கணினியை மேம்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நேற்று வரை நன்றாக ஓடிய விர்ச்சுவல் மெஷின் (வி.எம்., அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இன்று ஏன் ஓடவில்லை? எனவே இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. லினக்ஸ், மேக் வாசகர்களின் கடிதங்களும் உண்டு.

கேள்வி: சிவகாசியில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறேன். காலண்டர், பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று பழைய பேஜ்மேக்கர் 7 ஃபைல்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. தமிழ் எழுத்துருவும் யூனிகோடுக்கு முந்தையது, யுஎஸ்பி லாக் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி) செருகினால்தான் வேலை செய்யும். அதனால் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அதற்குள் வேலை பார்த்து வந்தேன். விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு எக்ஸ்பி திறக்கிறது, ஆனால் மவுஸை நகர்த்தினால்கூட இழுத்து இழுத்து வருகிறது. ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சையாக ஆமை மாதிரி ஒரு படம் தெரிகிறது. விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாகிவிட்டது. எக்ஸ்பியையே புதிதாகப் போட வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். எக்ஸ்பியைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துரு எல்லாமே விடிஐ என்ற ஒரே பெரிய ஃபைலுக்குள் இருக்கின்றன, விண்டோஸ் 11 அந்த ஃபைலுக்குள் கை வைக்கவில்லை. மாறியது வெளியே உள்ள கணினிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் பயத்தில் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுபவர்கள் நிறையப் பேர், அந்தப் பழைய எழுத்துருவின் சிடி இப்போது எங்கே கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நடந்தது இதுதான். இன்டெல் ப்ராசசரில் விடி-எக்ஸ், ஏஎம்டி ப்ராசசரில் ஏஎம்டி-வி என்ற வசதி இருக்கிறது, 2005, 2006 வாக்கில் வந்தவை. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்காகவே ப்ராசசரில் சேர்த்தது. விர்ச்சுவல்பாக்ஸ் முழு வேகத்தில் ஓட அந்த வசதி நேரடியாக அதன் கைக்கு வர வேண்டும். விண்டோஸ் 11-லோ மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு, திருட்டுத்தனமான டிரைவர்கள் விண்டோஸின் கருப்பகுதிக்குள் நுழையாமல் தடுப்பது அதன் வேலை, அதுவும் இதே விடி-எக்ஸை வைத்துத்தான் இயங்குகிறது. அது இயங்கும்போது கணினி ஆன் ஆனதுமே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடித்தள மென்பொருள், இந்த வகைக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்) முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், விண்டோஸே அதன் மேல்தான் ஓடும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர்தானே உட்கார முடியும்? பிறகு வரும் விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஹைப்பர்-வியிடம் கேட்டுக் கேட்டு ஓட வேண்டியதாகிறது. அந்த நிலையைக் காட்டத்தான் ஆமைப் படம். 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்புக்கு முன்னால் என்றால் இந்த நிலையில் வி.எம். திறக்கவே திறக்காது, பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். இப்போது மெதுவாகவாவது ஓடுகிறது.

ஊகத்தில் எதையும் மாற்ற வேண்டாம், முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் உங்கள் எக்ஸ்பியின் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ லாக் (Show Log) என்பதைத் திறந்தால் ஒரு நீண்ட பதிவு வரும். அதில் ஸ்னெயில் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். நத்தை வேகத்தில் ஓடுகிறேன், முழு வேகம் வேண்டுமென்றால் ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும் விண்டோஸ் வசதிகளை அணைக்க வேண்டும், அணைப்பதன் விளைவையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அந்த எச்சரிக்கை இருக்கும். அடுத்து ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, வலப்பக்கம் கடைசி வரை இறங்கிப் பாருங்கள். ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்களிடம் ஹோம் பதிப்பு இருந்து, அதில் ஹைப்பர்-வி மேனேஜரே கிடையாதே என்று தோன்றலாம். மேனேஜர்தான் கிடையாது, அடியில் உள்ள ஹைப்பர்வைசர் ஹோமிலும் இயங்கும். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் விர்ச்சுவல்பாக்ஸை இன்றைய பதிப்புக்குக் கொண்டு வாருங்கள். ஹைப்பர்-வியின் மேல் ஓடும் முறையைப் பதிப்புக்குப் பதிப்பு சீர் செய்து வருகிறார்கள், 2025-இல் வந்த 7.2-லும் அதற்கான வேலை நடந்திருக்கிறது. அப்புறம் எக்ஸ்பியின் செட்டிங்ஸில் ப்ராசசர் எண்ணிக்கையை ஒன்றாக வையுங்கள். கூடுதலாகக் கொடுத்தால் வேகம் கூடும் என்று நினைத்து நான்கு கொடுத்து வைத்திருப்பார்கள், ஆமை நிலையில் அது சுமையாகத்தான் முடியும், பேஜ்மேக்கருக்கு ஒன்றே தாராளம். ரேம் 1 ஜிபி போதும். இவ்வளவு செய்த பிறகு வேலைக்கு ஆகும் வேகம் வந்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாதுகாப்பை அணைக்காதீர்கள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அப்படியும் போதவில்லை என்றால் அணைக்கும் வழி இது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி. அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் ஆகியவற்றில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாக்கரோ விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்போ அந்தக் கணினியில் இருந்தால் அவை நின்றுபோகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், டிடிபி கணினியில் அவை இருக்க வாய்ப்பில்லை. இதற்குப் பிறகு எக்ஸ்பியைத் திறந்தால் ஆமை இருந்த இடத்தில் ஆங்கில வி எழுத்து தெரிய வேண்டும்.

யுஎஸ்பி லாக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். லாக்கைச் செருகியதும் விண்டோஸ் 11 அதைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பியின் செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதியில் அந்த லாக்குக்கு ஒரு ஃபில்டர் சேர்த்துவிட்டால், எக்ஸ்பி ஓடும் நேரத்தில் லாக் நேராக உள்ளே போய்விடும். முன்பு போட்ட ஃபில்டர் இருந்தாலும் அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒருமுறை சேர்ப்பது நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். நெட்வொர்க் அடாப்டரின் டிக்கை எடுத்துவிட்டு, ஃபைல்களைப் பகிர்வு ஃபோல்டர் வழியாக மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரிலிருந்து பிடிஎஃப் எடுத்து அதை வெளியே அனுப்பினால் அச்சகத்துக்குப் போதும்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டோடு மதர்போர்டின் பயாஸையும் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்தேன். இப்போது விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக மெஷின் உருவாக்கப் போனால் 32 பிட் வகைகள் மட்டுமே காட்டுகிறது, இருக்கிற உபுண்டு லினக்ஸ் மெஷினும் திறக்கவில்லை. – ஈரோடு வாசகர்

பதில்: பயாஸ் அப்டேட் ஆனதும் செட்டிங்குகள் பழைய இயல்புக்குத் திரும்பியிருக்கும், அதில் விடி-எக்ஸ் அணைந்துபோயிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே டிஸேபிள்டு என்று இருந்தால் இதுதான் காரணம். பயாஸுக்குள் போய் இன்டெல் என்றால் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோடு, இதை எனேபிள் செய்து சேமியுங்கள். ஏஎம்டி போர்டுகளில் இது பெரும்பாலும் ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது.

கேள்வி: மெஷின் திறக்கிறது, ஆனால் நெட்வொர்க் போய்விட்டது. திறக்கும்போதே இன்டர்னல் நெட்வொர்க்கை உருவாக்க முடியவில்லை என்று நீளமான பிழைச்செய்தி வருகிறது, அதன் கடைசியில் ஐஎஃப் நாட் ஃபவுண்ட் என்று முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த மெஷினில்தான் பழைய வருகைப்பதிவு மென்பொருள் ஓடுகிறது. – கோவை வாசகி

பதில்: விண்டோஸ் பெரிய அளவில் மேம்படும்போது நெட்வொர்க் அடாப்டர்களை எல்லாம் கழற்றி மறுபடி மாட்டுகிறது. அந்தக் களேபரத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் சேர்த்து வைத்திருந்த கற்பனை அடாப்டரோ, உங்கள் நிஜ அடாப்டரோடு ஒட்டிக்கொண்டிருந்த அதன் டிரைவரோ காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்கு வந்த செய்தி அதைத்தான் சொல்கிறது, தான் தேடும் அடாப்டர் கிடைக்கவில்லை என்று.

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் திறந்து, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் ஈதர்நெட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். வரிசையாக டிக் பெட்டிகள் இருக்கும். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் என்டிஐஎஸ்6 பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் டிரைவர் என்ற வரி இருக்கிறதா? இருந்து டிக் இல்லாமலிருந்தால் டிக் போடுங்கள். டிக் இருந்தும் பிழை வந்தால் டிக்கை எடுத்து ஓகே கொடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், பல கணினிகளில் இதுவே போதும். அந்த வரியே இல்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸின் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுங்கள், உங்கள் மெஷின்களுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக மெஷினின் நெட்வொர்க் செட்டிங்கில் பிரிட்ஜ்டு என்று வைத்திருந்தால் அதன் கீழே அடாப்டரின் பெயரைப் பாருங்கள். பழைய பெயர் தங்கியிருக்கும், இப்போதைய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருகைப்பதிவுக் கருவி ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரியைத் தேடுமென்றால் அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 போட்ட பிறகு சி டிரைவ் நிரம்பிவிட்டது. வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் ஃபுல் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்னாப்ஷாட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பெரிய பெரிய ஃபைல்கள் இருக்கின்றன. பழையதுதானே, அழித்துவிடலாமா? – மதுரை வாசகர்

பதில்: கடிதத்தை அனுப்பிவிட்டு அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஃபைல்களை எக்ஸ்ப்ளோரரில் போய் அழிக்கவே கூடாது. ஸ்னாப்ஷாட் என்பது மெஷினின் அந்த நேரத்து நிலையைக் குறித்து வைப்பது. அதை எடுத்த நொடியிலிருந்து மூல விடிஐ ஃபைல் உறைந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய எல்லாமே ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் உள்ள வித்தியாச ஃபைலில்தான் போய்ச் சேருகிறது. எனவே பழையது என்று நீங்கள் நினைக்கும் ஃபைலில்தான் கடந்த ஒரு வருட வேலை இருக்கலாம். சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் திறக்காது.

இடம் வேண்டுமென்றால் முதலில் விண்டோஸின் பழைய பிரதியை அழியுங்கள். மேம்படுத்தியதும் முந்தைய விண்டோஸை விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும், பெரும்பாலும் 10 ஜிபிக்கு மேலேயே பிடிக்கும். 10 நாள் கழிந்ததும் தானாகவே போய்விடும், பொறுக்க முடியாதென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக இப்போதே எடுக்கலாம். எடுத்துவிட்டால் விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான். இடம் கிடைத்த பிறகு மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பக்கத்திலிருந்தே வேண்டாத ஸ்னாப்ஷாட்டை டெலீட் செய்யுங்கள். அங்கே டெலீட் என்பது தகவலை மூலத்தோடு சேர்த்துவிட்டு அந்த நிலைக்குத் திரும்பும் வாய்ப்பை மட்டும் நீக்குவது. சேர்க்கும் வேலை நடக்கக் கூடுதல் இடம் தேவைப்படும், நேரமும் ஆகும், நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: டெபியன் லினக்ஸ் 12-லிருந்து 13-க்கு மாறினேன். விர்ச்சுவல்பாக்ஸ் முதலில் கெர்னல் (லினக்ஸின் கருப்பகுதி) டிரைவர் இல்லை என்றது. எப்படியோ அதைச் சரி செய்தால், இப்போது விஎம்எக்ஸ் ரூட் மோடில் இயங்க முடியாது, கேவிஎம்மை நீக்கிவிட்டு கெர்னலை மறுபடி கம்பைல் செய் என்கிறது. நான் கல்லூரி மாணவன், கெர்னல் கம்பைல் செய்யும் அளவுக்குத் தெரியாது. உபுண்டு வைத்திருக்கும் நண்பனுக்கும் அப்டேட்டுக்குப் பிறகு இதே பிழை. – திருச்சி வாசகர்

பதில்: கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை தம்பி. அந்தப் பிழைச்செய்தியின் வாசகம் பழங்காலத்தது, அதை நம்பிப் பயப்பட வேண்டாம்.

விண்டோஸ்காரர்களுக்கு ஹைப்பர்-வி செய்ததை உங்களுக்கு கேவிஎம் செய்கிறது. கேவிஎம் என்பது லினக்ஸ் கெர்னலோடு கூடவே வரும் ஹைப்பர்வைசர். முன்பெல்லாம் அது நினைவகத்தில் சும்மா ஏறி உட்கார்ந்திருக்கும், யாராவது கேவிஎம் மெஷின் ஒன்றை ஓட்டும்போதுதான் விடி-எக்ஸைக் கையில் எடுக்கும். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் இந்த வழக்கத்தை மாற்றினார்கள். கேவிஎம்மின் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துண்டு) ஏறிய உடனேயே விடி-எக்ஸை எடுத்துக்கொள்வது இயல்பாகிவிட்டது. டெபியன் 12-இல் இருந்தது 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் இருப்பது 6.12, எனவே அந்த மாற்றம் உங்கள் மேல் ஒரே நாளில் வந்து விழுந்திருக்கிறது. உங்கள் நண்பர் உபுண்டு 24.04 வைத்திருந்தால் அவர் பதிப்பு மாறியிருக்கவே தேவையில்லை. முதலில் 6.8 கெர்னலோடு வந்த அதே 24.04-க்கு வழக்கமான அப்டேட் வழியாகவே 6.14 வந்து சேர்ந்தது.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. டெர்மினலில் மோட்ப்ரோப் கட்டளையோடு, நீக்கு என்பதற்கான ஆர் தேர்வைக் கொடுத்து, இன்டெல் ப்ராசசர் என்றால் கேவிஎம்_இன்டெல், ஏஎம்டி என்றால் கேவிஎம்_ஏஎம்டி என்ற மாட்யூலை எடுத்துவிடுங்கள், சூடோவோடுதான் (நிர்வாகி உரிமையோடு). இப்போது விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் திறந்தால் காரணம் உறுதி. ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் மாட்யூல் திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கணினியைத் தொடக்கும் கிரப்பின் அமைப்பு ஃபைலில், கெர்னலுக்கான அளவுருக்கள் இருக்கும் வரியில், கேவிஎம், ஒரு புள்ளி, பிறகு எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0 என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி விடாமல் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேவிஎம் பழையபடி தேவைப்படும்போது மட்டும் விடி-எக்ஸை எடுக்கும். இதுதான் சுத்தமான வழி. மாட்யூலையே ஏறவிடாமல் தடுத்து வைக்கச் சொல்லும் ஆலோசனைகளும் சுற்றுகின்றன, அதுவும் வேலை செய்யும், ஆனால் நாளைக்கு ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போட்டால் அது ஏன் ஓடவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் வந்த கெர்னல் டிரைவர் பிழையையும் எப்படியோ சரி செய்தேன் என்கிறீர்கள், அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது மறுபடி வராமலிருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டியாக வேண்டும். அதற்கு அந்தந்த கெர்னலின் ஹெடர் ஃபைல்கள், கட்டுவதற்கான கருவிகளான ஜிசிசி, மேக் (make), அப்புறம் கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகக் கட்டும் டிகேஎம்எஸ் இருக்க வேண்டும். ஹெடருக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கான தொகுப்பைப் போடாமல், கெர்னலோடு கூடவே மாறும் பொதுத் தொகுப்பைப் போட்டுவிடுங்கள். டெபியன் 13-இன் சொந்தக் களஞ்சியத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் கிடையாது, ஆரக்கிளின் களஞ்சியத்திலிருந்துதான் எடுத்திருப்பீர்கள். மேம்படுத்தும்போது அந்த வரியில் புக்வோர்ம் என்று இருப்பதை ட்ரிக்ஸி என்று மாற்றினீர்களா என்று பாருங்கள், மாற்றாவிட்டால் பழைய பதிப்பிலேயே தங்கியிருப்பீர்கள்.

செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் இன்னொரு படி உண்டு. கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து உங்கள் சாவியைப் பதிவு செய்யவா என்று கேட்கும். சில நொடிதான் நிற்கும். பலர் அது ஏதோ கோளாறு என்று நினைத்து எதையாவது அழுத்தித் தாண்டிவிடுகிறார்கள். அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு கருத்து. லினக்ஸில் புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸைவிட கேவிஎம்மையும் அதற்கு முகமாக இருக்கும் விர்ட்-மேனேஜரையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கெர்னலோடு வருவது என்பதால் அப்டேட் ஆகும்போதெல்லாம் உடையாது, வேலைக்குப் போகும் இடத்திலும் சர்வர்களில் இதைத்தான் பார்ப்பீர்கள். இருக்கும் விடிஐ ஃபைலை கேவிஎம் வழக்கமாகப் பயன்படுத்தும் க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்ற க்யூஇஎம்யு-இமேஜ் கருவி இருக்கிறது. உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால் டிஸ்க்கை முதலில் சாட்டா என்றே வைத்துத் திறங்கள், விர்ட்ஐஓ என்று வைத்தால் அதற்கான டிரைவர் இல்லாமல் நீலத்திரையில் நிற்கும்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இலவசமாகிவிட்டதாமே? அதற்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காதா? – சேலம் வாசகர்

பதில்: உண்மைதான். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது, 2024 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைச் சொந்த உபயோகத்துக்கும் அதே ஆண்டு நவம்பரில் வணிக உபயோகத்துக்கும் இலவசமாக்கினார்கள். ஹைப்பர்-வி இயங்கும் கணினியில் ஓடுவதற்கு 2020-இல் வந்த 15.5.5 பதிப்பிலிருந்தே வழி செய்திருக்கிறார்கள். பாதுகாப்பை அணைக்க மனமில்லாதவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஆனால் விடி-எக்ஸை யார் வைத்திருக்கிறார்கள் என்ற பிரச்சினை அங்கேயும் அதேதான், வி.எம்.முக்குள் இன்னொரு வி.எம். ஓட்டுபவர்களுக்கு அந்த நிலையில் அது நடக்காது. உங்களிடம் விண்டோஸ் 11 ப்ரோ இருந்தால் ஹைப்பர்-வியையே பயன்படுத்துவதும் ஒரு வழி. அது முரண்படப் போவதில்லை. யுஎஸ்பி லாக்கை நேராக உள்ளே விடும் வசதி மட்டும் அதில் இல்லை, லாக் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: நான் இன்னும் விண்டோஸ் 10-இல்தான் இருக்கிறேன். அடுத்த வாரம் மாறப்போகிறேன். ஐந்து மெஷின்கள் இருக்கின்றன. முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்? – தஞ்சாவூர் வாசகி

பதில்: இப்படி முன்னாலேயே கேட்டது மிக நல்லது. ஐந்தையும் திறந்து, உள்ளே போய் ஷட்டவுன் கொடுங்கள். ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நிலையைச் சேமி என்று கொடுத்து வைத்திருப்பீர்கள், வேகமாகத் திறக்கும் என்பதால் பலருக்கும் அது பழக்கமாகியிருக்கிறது. சேமித்த நிலை என்பது பாதி வேலையில் உறைந்த நினைவகம். அடியில் ஹைப்பர்வைசரோ விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்போ மாறினால் அது மறுபடி உயிர்க்காமல் போகலாம், அப்போது டிஸ்கார்டு செய்துவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டிவரும், சேமிக்காத வேலை போய்விடும்.

அப்புறம் மெஷின்களின் ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விடிஐ மட்டும் போதாது, அமைப்பு ஃபைலும் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்து வர வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, அதை விண்டோஸ் 10-இல் இருக்கும்போதே புதிய பதிப்புக்கு மாற்றி, எல்லா மெஷினும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பேக் (விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் வசதித் தொகுப்பு) போட்டிருந்தால் அதுவும் அதே எண்ணில் இருக்க வேண்டும். அலுவலக வேலைக்கு எக்ஸ்டென்ஷன் பேக் இலவசமில்லை என்பது பலருக்குத் தெரியாது, தனிப்பட்ட உபயோகத்துக்கும் கல்வி உபயோகத்துக்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் மட்டும்தான் இலவசம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உடைத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதற்காகத்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாமல் போனாலும் அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் ஏற்ற வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் பதிவு செய்துகொண்டு நிதானமாக முடிவெடுக்கலாம்.

கேள்வி: பத்து வருடப் பழைய ஐமேக்கில் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக விண்டோஸ் 7-உம் அதில் ஒரு கணக்கு மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தன. எம்4 மேக் மினி வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கிறது, மெஷினும் பட்டியலில் தெரிகிறது, ஓட மட்டும் மறுக்கிறது. – சென்னை வாசகர்

பதில்: இது செட்டிங் மாற்றித் தீரும் விஷயமில்லை. பழைய ஐமேக்கில் இருந்தது இன்டெல் ப்ராசசர், உங்கள் விண்டோஸ் 7 அதன் கட்டளைகளை மட்டுமே அறியும். எம்4-ஓ ஆர்ம் என்ற வேறு வகை ப்ராசசர். விடி-எக்ஸ் போன்ற வசதிகள் ஒரே வகை ப்ராசசருக்குள்தான் உதவும், இன்டெல் மெஷினை ஆர்ம் மேல் ஓட்ட ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் வழியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 2024-இல் 7.1 பதிப்பிலிருந்து ஆப்பிளின் ஆர்ம் மேக்கில் ஓடுகிறது, ஆனால் உள்ளே ஆர்ம் இயங்குதளங்களை மட்டுமே ஓட்டும்.

யுடிஎம் என்ற இலவச மென்பொருள் க்யூஇஎம்யுவை வைத்து அந்த மாற்று வேலையைச் செய்யும். உங்கள் விடிஐயைக் க்யூகவ்2 ஆக மாற்றி அதில் திறக்கலாம். மெதுவாகத்தான் இருக்கும், பழைய கணக்கைத் திறந்து பார்க்கவும் ரிப்போர்ட் எடுக்கவும் போதும், நாள் முழுக்க பில் போட முடியாது. தினசரி வேலைக்கு பேரலல்ஸ் அல்லது விஎம்வேர் ஃபியூஷனில் ஆர்முக்கான விண்டோஸ் 11 போட்டு, கணக்கு மென்பொருளை அதற்குள் புதிதாக நிறுவிப் பாருங்கள். அந்த விண்டோஸ் இன்டெல்லுக்கு எழுதிய சாதாரண மென்பொருள்களைத் தானே மாற்றி ஓட்டிக்கொள்ளும், வேகமும் பரவாயில்லை. டிரைவர் தேவைப்படும் யுஎஸ்பி லாக் மட்டும் அங்கே எடுபடாது, டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். உங்கள் மென்பொருளுக்கு அப்படி லாக் இருந்தால் வாங்குவதற்கு முன்பே அதன் நிறுவனத்திடம் லாக் இல்லாத பதிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது தெளிவாகி, இந்த நிதியாண்டுக் கணக்கை முடிக்கும் வரை பழைய ஐமேக்கை விற்காதீர்கள்.